மனநோயும் உறக்கமும்: உதவி கேட்பதில் உள்ள தடைகள்

(அலுவலர்களும் முதுநிலை மாணவர்களும் கூடிய அவையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, கோப்புகளோடு முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவன் மனநோயாளரின் உறக்கத்தைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நான் மருத்துவன் அல்லேன். எந்த மருந்தை எந்த அளவில் உட்கொள்வது என்பது பற்றி இன்று ஒரு சொல்லும் கூறப்போவதில்லை. நான் பேச விரும்புவது கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பற்றி. அது பொருளாதாரத்திற்கும் நிர்வாகத்திற்கும் உரிய விஷயமே. இன்னொரு காரணமும் உண்டு. என் தம்பி இருபத்திரண்டாம் வயதிலிருந்து மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வருபவன். அவனோடு பல நகரங்களில் பல மருத்துவமனைகளின் பெஞ்சுகளில் அமர்ந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சுகளில் கற்றதைப் பற்றிப் பிறகு கூறுகிறேன்.

பொருளாதாரத்தின் முதற் பாடத்திலேயே விருப்பம் வேறு, தேவை வேறு என்று கற்பிக்கிறோம். வாங்கும் ஆற்றலோடும் வாங்கும் எண்ணத்தோடும் கூடிய விருப்பமே தேவையாகும் என்பது இலக்கணம். உடல்நலத் துறையில் இந்த இலக்கணத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியுள்ளது. தன் துன்பம் கேட்டுப் பெறக்கூடிய ஒன்று என்பது ஒருவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவிடத்து, துன்பம் எவ்வளவு பெரிதாயினும் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் தேவையாகப் பதிவாவதில்லை. மனநோயாளரின் உறக்கக் குறை இவ்வகையைச் சேர்ந்தது.

நமது நாட்டில் மனநோயின் பரப்பு எத்தகையது என்பதற்குத் தேசிய மனநல ஆய்வு ஓரளவு விடை தந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில், 2015-16இல் 12 மாநிலங்களில் ஏறத்தாழ 34,800 வயதுவந்தோரை நேரில் கண்டு நடத்தப்பட்ட ஆய்வு அது. நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் அப்போது இருந்தது. ஏறத்தாழ 15 கோடி மக்களுக்குச் சிகிச்சை தேவைப்படுகிறது என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதவர்களாயிருந்தனர். மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையோ, லட்சம் மக்களுக்கு மத்தியப் பிரதேசத்தில் 0.05 என்பதிலிருந்து கேரளத்தில் 1.2 என்பது வரை வேறுபட்டது. ஆய்வு செய்யப்பட்ட மாநிலங்களில் கேரளம் ஒன்றே லட்சத்துக்கு ஒருவர் என்னும் அளவை எட்டியிருந்தது.

சிகிச்சை பெறாதவர் என்றால் எங்கும் செல்லாதவர் என்று பொருள் கொள்ளலாகாது. அவர்களிற் பலர் எங்கேயோ சென்றிருக்கிறார்கள். மனநோய் என்ற பெயரைச் சொல்லிச் செல்லவில்லை, அவ்வளவே. நம் மக்கள் மனத்துயரை உடலின் வழியே சொல்லும் பழக்கமுடையவர்கள். தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, இரவில் கண் மூடவில்லை என்பார்கள். இவற்றுள் உறக்கமின்மை தனிச் சிறப்புடையது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமில்லை. மாமியாரிடமும் சொல்லலாம், மேலதிகாரியிடமும் சொல்லலாம். ‘எனக்கு மனம் சரியில்லை’ என்று சொல்ல நாவெழாத ஒருவர், ‘மூன்று வாரமாகத் தூக்கமில்லை’ என்று தயக்கமின்றிக் கூறுகிறார்.

இதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2022-23ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை நீங்கள் அறிவீர்கள். 14416 என்ற எண்ணில், இருபது மொழிகளில், இரவும் பகலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை வழங்கும் ஏற்பாடு அது. தொடங்கிய இரண்டாண்டுகளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. அழைப்பவர்கள் கூறும் குறைகளின் முன்வரிசையில் நிற்பவை உறக்கக் கோளாறு, மனச்சோர்வு, மனஅழுத்தம், பதற்றம் ஆகியவை. முகம் தெரியாத ஒருவரிடம் பேச வாய்ப்புக் கிடைத்ததும் மக்கள் முதலில் கேட்பவற்றுள் உறக்கம் ஒன்றாக இருப்பதைத் திட்டமிடுவோர் சிந்திக்க வேண்டும்.

சரி, தொலைபேசியை நாடாதவர் எங்கே செல்கிறார்? பெரும்பாலும் மருந்துக் கடைக்கு. அடுத்தபடியாகத் தெருமுனையிலுள்ள பொது மருத்துவரிடம். அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் முதலியவை 2013இல் ஹெச்-1 அட்டவணையில் சேர்க்கப்பட்டு, 2014 மார்ச்சு முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. எழுதிக் கொடுத்தவர் பெயர், வாங்குபவர் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் பழைய சீட்டொன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதைக் காட்டி மாத்திரை வாங்கும் பெரியவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள், நானும் கண்டிருக்கிறேன்.

அவர்களைக் குறை கூறுவதற்கு முன் அவர்களுடைய கணக்கைப் பார்க்க வேண்டும். மனநோய்ச் சிகிச்சைக்காகவும் அதற்கான பயணத்துக்காகவும் ஒரு குடும்பம் மாதந்தோறும் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கையிலிருந்து செலவழிக்கிறது என்று மேற்சொன்ன தேசிய ஆய்வு கண்டது. அத்துடன் ஒரு நாட்கூலி போகிறது. உடன் வருபவரின் கூலியும் போகிறது. இவ்வளவையும் தந்து பெறுவது, கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் சில நிமிடங்கள். பத்து மாத்திரை கொண்ட ஒரு பட்டையின் விலையோ மிகச் சிறியது. அன்றிரவே உறக்கமும் வருகிறது. சிக்கனமாக வாழும் எவரும் எதைத் தேர்ந்தெடுப்பார்? இந்த வாணிகத்தில் பின்னர் கொடுக்க வேண்டிய விலை சீட்டில் எழுதப்படவில்லை என்பதுதான் குறை. அம்மருந்துகள் சில வாரங்களில் பழகிப்போகின்றன, அளவு கூடுகிறது, திடீரென நிறுத்தினால் முன்னிலும் மோசமான இரவுகள் வருகின்றன. இதற்கிடையே, உறக்கமின்மையின் அடியில் இருந்த மனச்சோர்வோ மனப்பிறழ்வோ எவராலும் காணப்படாமலே வளர்ந்துவிடுகிறது.

இதுவரை கூறியது சிகிச்சைக்குள் வராதவர்களைப் பற்றி. இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது, சிகிச்சைக்குள் வந்துவிட்டவர்களைப் பற்றி. அவர்களுடைய நிலை இன்னும் விந்தையானது.

மனச்சோர்வு நோயுற்றவருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் உறக்கமின்மையால் வருந்துகின்றனர் என்பது மருத்துவ உலகில் நெடுநாளாகக் கூறப்பட்டு வருவது. மனப்பிறழ்வு நோயிலும் இருதுருவ நோயிலும் அது மிகச் சாதாரணம். ஆனால் நெடுங்காலம் மருத்துவர்கள் இதை நோயின் வால் என்றே கருதி வந்தனர். நோய் தணிந்தால் வாலும் தணியும், தனியே கவனிக்க வேண்டியதில்லை என்பது கொள்கை. இக்கொள்கை அண்மைக் காலத்தில் மாறிவிட்டது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2005இல் கூட்டிய நிபுணர் மாநாடு, ‘இரண்டாம்நிலை உறக்கமின்மை’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘உடன்நிகழும் உறக்கமின்மை’ எனக் கூறுவதே பொருத்தம் என்றது. 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்னும் நோய்ப் பட்டியல், வேறு மனநோய் உடனிருந்தாலும் உறக்கமின்மையைத் தனி நோயாகக் குறிக்க இடமளித்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு ஒருபடி மேலே சென்று, உறக்க விழிப்புக் கோளாறுகளுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்தது.

பெயர் மாற்றத்தால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அரசு அலுவலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெயரில்லாத இனத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. பத்தியில்லாத குறைக்குப் பதிவு கிடையாது.

ஆய்வுகளும் இம்மாற்றத்துக்கு வலுவூட்டின. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உறக்கமின்மையால் வருந்திய 3,755 பிரிட்டிஷ் பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு மருந்தின்றி உறக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுடைய உறக்கம் சீரானதோடு, பிறர் தமக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்னும் ஐயங்களும், இல்லாததைக் காணும் கேட்கும் அனுபவங்களும் ஓரளவு குறைந்தன. இவர்கள் மாணவர்கள், நோயாளிகள் அல்லர் என்பதை மறக்கலாகாது. அதே குழுவினர் 2015இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு நோயாளிகளையே எடுத்துக்கொண்டது. மாயக் குரல்களும் பொய்நம்பிக்கைகளும் நீடித்த 50 பேருள் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு உறக்கப் பயிற்சியும் தரப்பட்டது. உறக்கமின்மை பெரிதும் தணிந்தது. குரல்களும் நம்பிக்கைகளும் தணிந்தனவா என்பதை அத்தனை சிறிய ஆய்வால் உறுதியாகக் கூற இயலவில்லை. அது தணியாவிட்டாலும் என்ன? பத்தாண்டுகளாகக் குரல் கேட்கும் ஒருவருக்கு இரவில் ஆறு மணி நேர உறக்கம் கிடைப்பது தன்னளவிலேயே பெரும் பேறு என்று நான் கருதுகிறேன்.

இனி அந்தப் பெஞ்சுக்கு வருகிறேன்.

என் தம்பியை அழைத்துச் சென்ற ஒவ்வொரு மருத்துவமனையிலும் மருத்துவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: “தூக்கம் எப்படி?” ஒவ்வொரு முறையும் நான்தான் பதில் கூறினேன்: “நன்றாகத் தூங்குகிறான், சார்.” அது பொய்யன்று. காலை பத்து மணிக்கும் அவன் போர்வைக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அலுவலகம் செல்வேன். மருத்துவரும் ‘உறக்கம் சரி’ என்று எழுதுவார். இப்படியே ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் புதிதாக வந்திருந்த ஓர் இளம் மருத்துவர், என்னைக் கையமர்த்திவிட்டு, அவனையே பார்த்து, “விளக்கை அணைத்த பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இரவு எட்டு மணிக்கு மாத்திரை விழுங்கி உறங்கிவிடுவதாகவும், ஒரு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுவதாகவும், அதன்பின் விடியும்வரை மொட்டை மாடியில் நடப்பதாகவும் சொன்னான். குழந்தைகள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று செருப்பில்லாமல் நடப்பானாம். அதே வீட்டில் கீழே படுத்திருந்தவன் நான்.

ஏன் இதைச் சொல்லவில்லை என்று பேருந்தில் கேட்டேன். “சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார்கள் அண்ணா” என்றான்.

இந்த ஒரு வரியில் எத்தனையோ நோயாளிகளின் பொருளாதாரக் கணக்கு அடங்கியிருக்கிறது. உறக்கமில்லை என்று சொன்னால் கிடைக்கக்கூடியது இன்னொரு மாத்திரை. அதனால் வருவது பகல் முழுதும் மயக்கம், நாக்குழறல், உடல் பெருத்தல். மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. உறக்கம் கெடுவது நோய் திரும்புவதற்கு அறிகுறி என்று குடும்பத்தாருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களல்லவா? ஆகவே, கேட்பதால் வரும் நட்டம் கேட்காததால் வரும் நட்டத்தைவிடப் பெரிதென்று நோயாளி மதிப்பிடுகிறார். அவர் அறிவு கெட்டுப்போய் மௌனமாயிருக்கிறார் என்று எண்ணுவது பெரும் பிழை.

வேறு சிலர், இது நோயின் பங்கு, இதற்கு மருந்தில்லை என்று தாமே முடிவு கட்டிவிடுகின்றனர். மயக்கத்தையும் உறக்கத்தையும் ஒன்றெனக் கருதும் குடும்பங்கள் இன்னும் அதிகம். குறட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் குறட்டை நல்ல உறக்கத்தின் முழக்கம் என்றே மதிக்கப்படுகிறது. ஆனால் சில மனநோய் மருந்துகளால் உடல் பெருக்கும்போது, உறக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு தோன்றக்கூடும். இரவெல்லாம் மூச்சுத் தடைபட்டுத் தடைபட்டு உறங்குபவர் பகலில் சோர்ந்து கிடப்பார். அவரைச் சோம்பேறி என்பர். அந்நிலையில் தரப்படும் உறக்க மாத்திரை மூச்சடைப்பை மேலும் மோசமாக்கக்கூடும். இன்னும் சிலருக்கு மருந்தினால் கால்கள் ஓயாமல் பரபரக்கும். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. ‘தூக்கமில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபட்ட துன்பங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு நிமிடம் கூடுதலாகக் கேட்டாலன்றி இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

பெண்களின் நிலையைத் தனியே கூற வேண்டும். மருந்து உட்கொள்ளும் மருமகள் காலை ஏழு மணிக்கு எழுந்தால் அது வீட்டில் பேச்சாகிறது. ஐந்து மணிக்குக் குழாயில் வரும் தண்ணீரை எவர் பிடிப்பது? ஆகவே இரவு மாத்திரையைப் பாதியாக்குவது, வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிடுவது எனச் சிலர் தாமே வழி கண்டுபிடிக்கின்றனர். நோய் திரும்பும்போது ‘ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை’ என்று பதிவாகிறது. தண்ணீர் வரும் நேரம் பதிவாவதில்லை.

மருந்தல்லாத அந்த உறக்கப் பயிற்சிதான் என்ன? அது மந்திரமுமல்ல, வெளிநாட்டு ஆடம்பரமுமல்ல. 1972இல் ரிச்சர்டு பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலர் வகுத்த முறையின் சாரம் இது: உறக்கம் வரும்போது மட்டும் படுக்க வேண்டும், வராவிட்டால் எழுந்து வேறிடம் செல்ல வேண்டும், எப்போது உறங்கினாலும் குறித்த நேரத்தில் எழ வேண்டும், பகலில் உறங்கலாகாது. 1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைத்து உறக்கத்தை அடர்த்தியாக்கும் முறையைச் சேர்த்தனர். இவற்றோடு, உறக்கத்தைப் பற்றிய வீண் அச்சங்களைப் பேசித் தெளிவித்தலும் சேர்ந்து ஒரு சிகிச்சையாக உருவெடுத்தது. வயதுவந்தோரின் நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது இச்சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

ஆனால் இதை அப்படியே பெயர்த்து நம் வட்டார மொழிகளில் அச்சிட்டு விநியோகிப்பதால் பயன் விளையாது. ‘எழுந்து வேறு அறைக்குச் செல்லுங்கள்’ என்ற அறிவுரை, வேறு அறை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. ஆறு பேர் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில், நடு இரவில் எழுபவர் ஐந்து பேரைத் தாண்டிச் செல்ல வேண்டும். கொசு, புழுக்கம், மின்வெட்டு, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாசல் திண்ணையோ, சுவரில் சாய்ந்து அமரும் ஒரு மூலையோ அந்த வேறு அறையாக அமையலாம். வீட்டைப் பார்த்தறிந்த சுகாதாரப் பணியாளரே இதைச் சொல்லத் தகுதியுடையவர். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இருதுருவ நோயுடையவருக்கு உறக்கத்தைக் குறைக்கும் பயிற்சி ஆபத்தாகலாம். திருமண வீட்டு இரவுகள், வட மாநிலங்களின் ஜாக்ரண் என்னும் இரவு வழிபாடுகள், தொடர்ந்த இரவு ரயில் பயணம் ஆகியவற்றிற்குப் பின் அவர்களுக்கு மிகையெழுச்சி தோன்றக்கூடும். அவர்களுடைய சிகிச்சை மருத்துவரின் நேரடிப் பார்வையில் அமைய வேண்டியது.

இந்தப் பணியைச் செய்ய நம்மிடம் ஆட்கள் உண்டா? மனநல மருத்துவர்களை மட்டும் எண்ணினால் இல்லை. ஆனால் நம் நாட்டின் மனநலத் திட்டம் தொடக்கத்திலிருந்தே அவர்களை மட்டும் நம்பி வகுக்கப்பட்டதன்று. 1970களின் நடுப்பகுதியில் பெங்களூருக்கருகே சகளவாராவிலும், அரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் நடந்த சோதனைகள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் கிராம சுகாதாரப் பணியாளரும் மனநோயை அடையாளம் காண இயலும் எனக் காட்டின. 1982இல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980களில் பெற்ற அனுபவத்தை அடியொற்றி, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. இப்போது அது 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. 2018 முதல் உருவான நல்வாழ்வு மையங்கள், இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்ற பெயரில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உள்ளன. அவற்றில் மனநலமும் ஒரு சேவையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. கட்டடமும் ஆளும் ஓரளவு இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் பதவிகள் நிரம்பியிருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க வேண்டிய அவையும் இதுவே.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒரு படிவம். ஆஷா பணியாளர்கள் முப்பது வயதுக்கு மேற்பட்டோரை வீடுவீடாகக் கண்டு நிரப்பும் சமூக மதிப்பீட்டுப் படிவத்தில் மனநலத்துக்கென இரண்டு வினாக்கள் சேர்க்கப்பட்டன. எதிலும் ஈடுபாடின்றி இருக்கிறீர்களா என்பது ஒன்று. மனம் சோர்ந்து, நம்பிக்கையிழந்து இருக்கிறீர்களா என்பது மற்றொன்று. இவை பி.எச்.க்யூ.-9 என்னும் ஒன்பது வினாக்கள் கொண்ட அளவுகோலின் முதலிரண்டு வினாக்கள். மூன்றாவது வினா என்ன தெரியுமா? உறக்கம் வருவதில், அல்லது நீடிப்பதில் தொல்லை உண்டா, அல்லது மிகையாக உறங்குகிறீர்களா என்பது. சுருக்கும்போது கோடு அதற்கு மேலே விழுந்துவிட்டது. அளவுகோலை வகுத்தவர்களின் காரணம் நியாயமானதே. முதலிரண்டும் மனச்சோர்வின் மையக் குறிகள். எனினும், முன்பின் அறியாத முற்றத்தில், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, ‘நம்பிக்கையிழந்து இருக்கிறீர்களா’ என்ற வினாவுக்கு ஆம் என்று எந்தப் பெண் பதில் சொல்வாள்? ‘இரவில் தூக்கம் வருகிறதா’ என்றால் சொல்வாள். அந்த மூன்றாம் வினாவையும் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. சேர்த்தால் போதாது. ஆம் என்று சொன்னவரை அனுப்ப ஓர் இடமும், அங்கே மாத்திரையைத் தவிர வேறொன்றும் இருக்க வேண்டும். இல்லையேல் இன்னொரு பத்தி நிரம்பும், அவ்வளவே.

உறக்கமின்மை தற்கொலை அபாயத்தைக் கூட்டும் காரணிகளுள் ஒன்று என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. தேசிய குற்றப் பதிவகத்தின் கணக்குப்படி 2022இல் 1,70,924 பேர் நம் நாட்டில் தற்கொலையால் இறந்தனர். அதே ஆண்டு வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலை இறப்பைப் பத்து விழுக்காடு குறைப்பதை இலக்காகக் கொண்டது. ‘பல நாளாகத் தூக்கமில்லை, இனி முடியாது’ என்று ஒருவர் கூறினால், அது களைப்பின் பேச்சென்று விட்டுவிடாமல் அன்றே அவரோடு அமர்ந்து பேசவும், 14416ஐ அழைக்கவும் வேண்டும்.

அலுவலர்களாகிய நமக்கு மருத்துவமனையைத் தாண்டியும் பொறுப்புண்டு. மனநோய், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி ஒரு மாற்றுத்திறனாகவும் ஏற்கப்பட்டுள்ளது. அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, அத்தகைய ஊழியருக்கு நியாயமான வசதி செய்து தருவது அரசு நிறுவனத்தின் கடமை என்கிறது. நியாயமான வசதி என்றதும் சாய்தளமும் கைப்பிடியும்தான் நம் கண்முன் வருகின்றன. நிலையான பகல் பணியும் அத்தகைய வசதியே. வாரந்தோறும் மாறும் ஷிப்டு எவருடைய உறக்கத்தையும் குலைக்கும். நோயுற்றவரை அது மீண்டும் மருத்துவமனைக்கே அனுப்பிவிடக்கூடும்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரிந்த அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை ஊழியர் ஒருவர், இரவுப் பணியிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பித்தார். ‘உறக்கக் குறைவு காரணமாக’ என்று மட்டும் எழுதியிருந்தார். உறக்கக் குறைவு எவருக்கில்லை என்று எண்ணி, ‘நிர்வாகக் காரணங்களால் ஏற்க இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் நான்கு மாதங்களில் நீண்ட மருத்துவ விடுப்பில் சென்றார். சான்றிதழில் நோயின் பெயர் இருந்தது. விண்ணப்பத்தில் அதை எழுதாததற்கு என்ன காரணம் என்பது, அந்தக் காலத்தில் என் வீட்டு மொட்டை மாடியிலேயே நடந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

மாணவர்கள் செலவைப் பற்றிக் கேட்பீர்கள். மருந்தில்லாப் பயிற்சிக்குக் கருவி வேண்டியதில்லை, நேரம் வேண்டும். நேரம் என்பது ஊதியம். சில வாரங்கள், ஒவ்வொரு முறையும் அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் ஒரு பணியாளர் ஒரு நோயாளியோடு அமர வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடரும் மாத்திரைச் செலவு, இழந்த பகல்கள், திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்தல் ஆகியவற்றோடு இதை ஒப்பிட்டு நம் மாவட்டங்களில் கணக்கிட வேண்டும். முதுநிலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். ஒரே ஒரு மாவட்ட மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டுகளை எடுத்து, அவற்றில் எத்தனை சீட்டில் ‘உறக்கம்’ என்ற சொல்லுக்கு எதிரே மாத்திரையின் பெயரைத் தவிர வேறேதேனும் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உரிய அனுமதி பெற்று, பெயர்களை மறைத்துச் செய்ய வேண்டிய வேலை; ஆறு மாதங்களில் முடியும்.

நோயாளியோடு மருத்துவமனைக்குச் செல்பவர்கள் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லலாம்: படுத்த நேரம், விழித்த நேரம், இடையே எழுந்தது எத்தனை முறை, பகலில் கண்ணயர்ந்தது எவ்வளவு, மாத்திரை விழுங்கியது எப்போது. அதை எழுத வேண்டியவர் நோயாளி. என் தம்பி இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறான். அவனுடைய மாத்திரை நேரம் எட்டிலிருந்து பத்துக்கு மாற்றப்பட்டது. காலை ஆறு மணிக்குப் பால் வாங்கி வருவது அவன் பொறுப்பு. மருத்துவர் கேட்கும்போது நான் பதில் சொல்வதில்லை. வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கிறேன்.